தாமோதரனின் நடை

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்தொன்று. தாடி, தண்டம், ஆலமரம் எதுவும் கிடையாது. கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியின் இரண்டாவது மாடியில், ஏசி சத்தம் மட்டும் போட்டுக் குளிர்ச்சி தராத ஓர் ஆய்வுக்கூடம்தான் ஆசிரமம்.

குருவின் பெயர் ஹில்டா. நாகர்கோவில்காரர். சீடர் இருளப்பன், பாலிடெக்னிக் ஒன்றில் இருபத்தாறு வருடம் எலக்ட்ரானிக்ஸ் நடத்தியவர். மகள் கல்யாணத்தை முடித்த கையோடு பிஎச்.டி.க்குப் பதிவு செய்துவிட்டார். இந்த வயதில் எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது என்பதுதான் உண்மை.

அவர் ஹில்டாவை மேடம் என்பார். ஹில்டா அவரை சார் என்பார். இதில் யாருக்கு யார் குரு என்று புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள். இருவரும் கேன்டீனுக்கு நடந்து போவதைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

அவர்களுடைய ஆராய்ச்சி, நடையை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது. முகம் வேண்டாம், கைரேகை வேண்டாம், பத்தடி நடந்தால் போதும். கேமராவில் பதிவானவரின் சட்டை, புடவை, மூக்கு, முழி எல்லாவற்றையும் கணினி உரித்துப் போட்டுவிட்டு, கறுப்புப் பின்னணியில் ஒரு வெள்ளை உருவத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். அந்த உருவம் காலை எப்படி வீசுகிறது, தோளை எந்தப் பக்கம் சாய்க்கிறது என்று ஆயிரம் முறை பார்த்துத் தானாகவே கற்றுக்கொள்ளும். ஆழ்கற்றல் என்று அதற்குப் பெயர். என்ன கற்றாய் என்று கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது. நல்ல மாணவர்களில் பாதிப் பேர் அப்படித்தான்.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நீளமான தாழ்வாரம். அங்கே கேமரா மாட்டி, கல்லூரியில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை நடக்கவிட்டுப் பதிவு செய்திருந்தார்கள். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். 'ஒவ்வொருவராக நடக்கவும்.' இருளப்பன் தன் கையாலேயே ஸ்கெட்ச் பேனாவில் எழுதியது.

ஹில்டாவிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆராய்ச்சியில் சிக்கல் என்று போய்க் கேட்டால் பதில் வராது. "டீ குடிச்சிட்டு வருவோம் சார்" என்று எழுந்துவிடுவார். திரும்பி வரும்போது சில நாள் பதில் கிடைத்திருக்கும், சில நாள் டீ மட்டும் கிடைத்திருக்கும். நான்கு வருடத்தில் இருளப்பனுக்கு அசிடிட்டி வந்தது இதனால்தான் என்று அவர் மனைவி உறுதியாக நம்புகிறார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஓர் அம்மாள் மாடிப்படியை ஒவ்வொன்றாக ஏறி, ஒவ்வொன்றிலும் நின்று, ஆய்வுக்கூடத்துக்கு வந்துசேர்ந்தார். பெயர் ரத்தினம்மாள். வயது அறுபத்துமூன்று. வலது முழங்காலில் உறை போட்டிருந்தார். அவருடைய கணவர் தாமோதரனை முந்தின நாள் காலையிலிருந்து காணவில்லை.

தாமோதரனுக்கு அறுபத்தொன்பது வயது. மூன்று வருடமாக மறதி நோய். மனைவியின் முகம் தெரியும், பெயர் வராது. திங்கட்கிழமை ரத்தினம்மாள் முழங்காலுக்கு மின்சிகிச்சை எடுக்கப் போயிருந்தார். கணவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்து, அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இருபது நிமிடம். வெளியே வந்தபோது பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

"என் காலைப் பாக்கப் போயி அவரைத் தொலைச்சுப்போட்டனுங்க," என்றார் ரத்தினம்மாள். "சக்கரை மாத்திரை என் பையிலதான் இருக்குது. ரெண்டு நாளாச்சு."

காவல் நிலையத்தில் புகார் எழுதியாயிற்று. ஆள் எப்படி நடப்பார் என்று கேட்டார்கள். ரொம்ப மெதுவாக என்று ரத்தினம்மாளே சொன்னார். தூரமாகப் போயிருக்க முடியாது என்று சுற்றுவட்டாரத் தெருக்களை எல்லாம் சலித்துவிட்டார்கள். மகன் மகேந்திரன் ஓசூரிலிருந்து வந்து, படம் போட்ட தாளைக் கம்பத்துக்குக் கம்பம் ஒட்டிக்கொண்டிருந்தான். நகரத்துக் கேமராப் பதிவுகளை ஆராய்ச்சிக்காகப் பார்க்க இந்தக் கல்லூரிக்கு அனுமதி உண்டு என்று சொல்லி, ஓர் அதிகாரிதான் ரத்தினம்மாளை இங்கே அனுப்பியிருந்தார்.

நான்கு வருடமாக இருளப்பனின் இயந்திரம் கண்டுபிடித்ததெல்லாம் தொலையாத ஆட்களைத்தான். தாழ்வாரத்தில் நடந்த பேராசிரியரைத் தாழ்வாரத்திலேயே கண்டுபிடித்து, தொண்ணூற்றாறு சதவீதம் என்று கட்டுரை எழுதியிருந்தார். இப்போது நிஜமாகவே ஒருவர் தொலைந்திருக்கிறார். அவர் மனைவி எதிரே உட்கார்ந்து, தண்ணீர் வேண்டாம் என்று சொல்கிறார்.

ரத்தினம்மாளின் கைபேசியில் பதினேழு வீடியோக்கள் இருந்தன. மகன் எடுத்தவை. கோயில் பிரகாரம், பூங்கா, சொந்தக்காரர் கல்யாணம், புதுவீட்டு வாசல். எல்லாவற்றிலும் தாமோதரன் நடந்துகொண்டிருந்தார். எல்லாவற்றிலும் அவருடைய இடது கையைப் பிடித்தபடி ரத்தினம்மாள் கூடவே இருந்தார்.

இரண்டு உருவம் ஒட்டிக்கொண்டிருந்தால் இயந்திரம் குழம்பும். இருளப்பன் ஒவ்வொரு படமாக எடுத்து ரத்தினம்மாளை வெட்டி நீக்கினார். புடவைத் தலைப்பு, வளையல் போட்ட கை, பை, எதையும் விடவில்லை. மூன்று மணி நேரம் பிடித்தது. கடைசியில் தாமோதரன் மட்டும் திரையில் தனியாக நடந்தார், மெதுவாக, இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து. கோப்புகளுக்குத் தாமோதரன் ஒன்று, தாமோதரன் இரண்டு என்று பதினேழு வரைக்கும் பெயர் வைத்தார்.

பிறகு நாற்பது கேமராக்களின் பதிவில் அந்த நடையைத் தேடவிட்டார். இயந்திரம் இருநூற்றுப் பதினொரு பேரைக் கொண்டுவந்து நிறுத்தியது. ரத்தினம்மாள் ஒவ்வொருவராகப் பார்த்தார். இல்லீங்க. இல்லீங்க. இவரும் இல்லீங்க. இருநூற்றுப் பதினொரு தடவையும் அவர் சலிப்பில்லாமல் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த இருளப்பனுக்குத்தான் தாங்கவில்லை.

மணி இரண்டரை ஆகியிருந்தது. அவர் எழுந்து ஹில்டாவின் அறைக்குப் போனார்.

"மேடம், மெஷின் தப்பா? இல்ல, அந்த மனுஷனே மாறிட்டாரா?"

ஹில்டா எழுந்துவந்து, வெட்டி வைத்த படங்களை நிதானமாகப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் யாரு சார் இருந்தா?"

"அந்தம்மாதான். வெட்டிட்டேன்."

"முழுசாவா?"

"முழுசா, மேடம். ஒரு விரல்கூட மிச்சமில்லை."

ஹில்டா இன்னொரு முறை பார்த்தார். பிறகு, "டீ குடிச்சிட்டு வருவோம் சார்," என்றார்.

இருளப்பனுக்குக் கோபம் வந்தது. வெளியே ஒரு கிழவர் மாத்திரை இல்லாமல் எங்கேயோ திரிகிறார், இங்கே மேடத்துக்கு டீ கேட்கிறது. வாய்வரைக்கும் வந்ததை முழுங்கிக்கொண்டு கூடவே நடந்தார். குருவிடம் முழுங்குவது சீடர்களுக்குப் பழக்கமானதுதான். ஐம்பத்தொரு வயதில் தொண்டை கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்.

டீயை இரண்டு வாயில் குடித்து முடித்தார். ஹில்டா ஊதி ஊதிக் குடித்தார். பாதியில், தனக்கு ஒரு போன் பேச வேண்டியிருக்கிறது என்றும் சார் முன்னால் போகலாம் என்றும் சொல்லிவிட்டார். இருளப்பன் விடுவிடுவென்று திரும்பி வந்தார்.

ஐந்து நிமிடம் கழித்து ஹில்டா வந்தார். தாழ்வாரக் கேமராவின் கடைசி அரைமணி நேரத்தை இயந்திரத்துக்குக் கொடுக்கச் சொன்னார். எதற்கு என்று இருளப்பன் கேட்கவில்லை. கொடுத்தார்.

திரையில் இரண்டு வெள்ளை உருவங்கள் கேன்டீன் பக்கம் போயின. முன்னால் போன உருவத்தின் தலைக்கு மேல், பெயரும் பொருத்தச் சதவீதமுமாக, 'ஹில்டா, 96' என்று வந்தது. அரையடி பின்னால் போன உருவத்தின் மேல், 'சேவியர், 61' என்று வந்தது.

சேவியர் நூலகத்து உதவியாளர். எப்போதும் நெஞ்சுக்கு நேரே புத்தகங்களை அணைத்துக்கொண்டு நடப்பவர். இன்றைக்கு விடுப்பு.

"சேவியர் எங்க வந்தாரு?" என்றார் இருளப்பன்.

ஹில்டா திரையையே காட்டினார். திரையில் கொஞ்சம் ஓடியது. இப்போது ஒரே ஓர் உருவம் எதிர்ப்பக்கமிருந்து விடுவிடுவென்று வந்தது. 'இருளப்பன், 98.'

இருளப்பன் முன்பகுதியை மறுபடியும் ஓடவிட்டார். அரையடி பின்னால் போன அந்த உருவம் இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்திருந்தது. தோள் குறுகியிருந்தது. முன்னால் போகிறவரை முந்திவிடக் கூடாதே என்று ஒவ்வோர் அடியையும் பாதியில் நிறுத்தி நிறுத்தி வைத்தது.

"மேடம், உங்ககூட வரும்போது நான் இப்படியா நடக்கறேன்?"

"நாலு வருஷமா, சார்."

இருளப்பன் தன் கைகளைப் பார்த்தார். அவை அப்போதும் கோத்துத்தான் இருந்தன. சட்டென்று பிரித்தார். பிரித்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசைமேல் வைத்தார்.

பிறகு அவர் வெட்டி வைத்த பதினேழு வீடியோக்களைத் திறந்தார். மெதுவாக, இடப்பக்கம் சாய்ந்து நடக்கும் அந்த மனிதரை வெகுநேரம் பார்த்தார். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு ரத்தினம்மாளிடம் கேட்டார்.

"அம்மா, அவர் தனியா நடக்கிற மாதிரி ஏதாவது வீடியோ இருக்கா?"

ரத்தினம்மாள் கைபேசியைக் கடைசி வரைக்கும் தள்ளிப் பார்த்தார். இல்லை.

"அவரைத் தனியா எங்கீங்க விட்டேன்?" என்றார். தன் முழங்கால் பழுதாகிப் பன்னிரண்டு வருடமாயிற்று என்றும், அன்றிலிருந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் வாசல் தாண்டுவதே என்றும் சொன்னார். அதற்கு முன்னால் எப்படி நடப்பார் என்று இருளப்பன் கேட்டார். ரத்தினம்மாள் அந்த இரண்டு நாளில் முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தார்.

"நடையா அது? ஓட்டமுங்க. மில்லுச் சங்கு ஊதறதுக்குள்ள போயாகோணுமுன்னு பறப்பாரு. நாப்பத்தோரு வருசத்துக்கு முந்தி, கல்யாணமான புதுசுல நான் பொறத்தால ஓடோணும். அதுக்கே எங்களுக்குள்ள சண்டை வரும்."

ஆனால் அந்த ஓட்டம் எந்த வீடியோவிலும் இல்லை. அந்தக் காலத்தில் அவர்களிடம் கைபேசியே இல்லை. இருளப்பன் நெற்றியைத் தேய்த்தார். கதவு எங்கே என்று தெரிந்துவிட்டது. சாவியைத்தான் காணோம்.

திரையின் ஒரு மூலையில் தாழ்வாரக் கேமராவின் காட்சி ஓடிக்கொண்டே இருந்தது. அதில் எப்போதும் வெள்ளை உருவங்கள்தான் தெரியும், முகம் இருக்காது. மாடிப்படிப் பக்கமிருந்து ஓர் உருவம் அப்போது உள்ளே வந்தது. வேகமாக, முன்னால் குனிந்து, வலது கையை மட்டும் வீசிக்கொண்டு.

ரத்தினம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"வந்துட்டாருங்க," என்றார். "அதா, அவரு வந்துட்டாரு."

இருளப்பன் கதவுக்கு ஓடினார். உள்ளே வந்தது மகேந்திரன். முப்பத்தாறு வயது. கையில் பசை டப்பாவும் மிச்சத் தாள்களும் இருந்தன. அம்மா எதற்கு அழுகிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. ரத்தினம்மாள் மகனைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். கண்ணு மங்கிப்போச்சு, மன்னிச்சுக்கங்க என்று எல்லோரிடமும் பொதுவாகச் சொன்னார்.

ஹில்டா அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். இருளப்பனிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நம்ம மெஷினுக்குப் பயிற்சி ரெண்டு மாசம். இந்தம்மாவுக்கு நாற்பத்தோரு வருஷம்."

மகனிடம் இருப்பது அப்பாவின் பழைய நடை என்று விளங்க இருளப்பனுக்கு ஒரு நொடி ஆனது. பிறகு மகேந்திரனின் கையிலிருந்து பசை டப்பாவை வாங்கிக் கீழே வைத்தார். தாழ்வாரத்தின் அந்தக் கோடிக்குப் போய் இந்தக் கோடிக்கு நடந்து வரச் சொன்னார். ரத்தினம்மாளும் கூட எழுந்தார். அம்மா உட்காருங்கள், மகன் மட்டும் வரட்டும் என்றார் இருளப்பன். மகேந்திரன் பத்து முறை நடந்தான். எதற்கென்று கேட்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

மகனின் நடை அப்பாவின் நடை ஆகாது. கட்டுரையில் எழுதினால் சிரித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இருளப்பன் அது தெரிந்தே செய்தார். மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் காட்டு என்று இயந்திரத்துக்குத் தளர்வு கொடுத்தார். சிகிச்சை நிலையத்தைச் சுற்றியிருந்த தெருக்களோடு நிறுத்தாமல், பேருந்து நிலையம் வரைக்கும் தேடவிட்டார். மெதுவாக நடப்பவருக்குத்தான் அது தூரம்.

நாலரை மணிக்கு ஒன்பது பேர் வந்தார்கள். முதல் நான்கு பேரும் இளைஞர்கள். ஐந்தாவது ஆள் பேருந்து நிலையத்துக் கேமராவில் இருந்தார். திங்கட்கிழமை காலை பதினொன்று பத்து. வெளிர்நீலச் சட்டை. கூட்டத்தை வகிர்ந்துகொண்டு, முன்னால் குனிந்து, வலது கையை மட்டும் வீசிக்கொண்டு போனார். முகம் நகத்தளவுகூட இல்லை.

இருளப்பன் திரையை ரத்தினம்மாள் பக்கம் திருப்பினார்.

"அவருதானுங்க," என்றார் ரத்தினம்மாள். "இப்படி நடந்து எத்தனை வருசமாச்சு."

அவர் இன்னொருமுறை போடச் சொன்னார். போட்டார்கள். மூன்றாவது முறையும் கேட்டார். கணவர் கிடைத்துவிடுவார் என்ற நம்பிக்கை முகத்தில் வந்திருந்தது. கூடவே வேறொன்றும் வந்திருந்தது.

"நாந்தான் அவரைப் புடிச்சு நிறுத்தி வெச்சிருந்தனுங்களா?"

ஹில்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இருளப்பன் சட்டென்று அடுத்த கேமராவைத் திறந்தார். அதில் நீலச்சட்டைக்காரர் ஒரு பேருந்தில் ஏறினார். பின்பக்கத்தில் தட எண் தெளிவாகத் தெரிந்தது.

ரத்தினம்மாள் எண்ணைப் பார்த்ததும், அது சூலூர்ப் பக்கம் போகிற வண்டி என்றார். முப்பது வருடம் அவர் வேலைக்குப் போன வண்டி. அந்த நூற்பாலையை மூடிப் பதினான்கு வருடமாகிவிட்டது. மூடிய மில்லுக்கு யார் போவார்கள், அதுவும் இரண்டு தெரு தாண்ட அரைமணி நேரம் எடுக்கிறவர் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மகேந்திரனின் காரில் கிளம்பினார்கள். ஹில்டாவுக்கு ஐந்து மணிக்கு வகுப்பு இருந்தது. இருளப்பனைக் கூடப் போகச் சொன்னார். வழியெல்லாம் தூறல். ரத்தினம்மாள் மாத்திரைப் பட்டையைக் கையிலேயே வைத்திருந்தார்.

மில் வாசலில் துருப்பிடித்த கேட். உள்ளே இடுப்பளவு புதர். கேட்டுக்குப் பக்கத்துக் காவலாளி அறைக்கு வெளியே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தாமோதரன் உட்கார்ந்திருந்தார். வெளிர்நீலச் சட்டை கசங்கியிருந்தது. கையில் டீ டம்ளர்.

இருளப்பன் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே நின்றார். நான்கு வருடத்தில் எந்தத் தொண்ணூற்றாறு சதவீதமும் அவரை இப்படி நிற்கவைத்ததில்லை.

காவலாளி நல்ல மனிதர். தாமோதரன் நேற்று மத்தியானம் வந்து, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, கேட்டைத் திற என்றாராம். காவலாளி சாப்பாடு கொடுத்துத் தன் அறையிலேயே படுக்கவைத்திருக்கிறார். வீடு எங்கே என்று கேட்டதற்கு, மில்லுக்குப் பின்னால் லைன் வீட்டில் நாலாவது வீடு என்றாராம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் குடியிருந்த அந்தத் தொழிலாளர் லைன் வீடுகளை இடித்தே எட்டு வருடமாகிவிட்டது. அவசரத்துக்குக் கூப்பிடக் காவலாளியிடம் இருந்த ஒரே நம்பரும் மூடிய மில்லின் நம்பர்தான். சாயங்காலம் மாற்று ஆள் வந்ததும் போலீசில் சொல்லலாம் என்று இருந்தாராம்.

மகேந்திரன் அப்பா என்று கூப்பிட்டான். தாமோதரன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். மகனைப் பார்க்கவில்லை. மதில் ஓரமாக, வேகமாக, வலது கையை வீசிக்கொண்டு வருகை பதியும் பழைய டைம் ஆபீஸ் பக்கம் நடக்க ஆரம்பித்தார். மகேந்திரன் ஓடப் பார்த்தான். ரத்தினம்மாள் அவன் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, தானே நொண்டி நொண்டி மதிலோரமாகப் போனார். கூப்பிடவில்லை. தாமோதரன் பூட்டிய ஆபீஸ் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார், அதே வேகத்தில். பக்கத்தில் வந்தபோது ரத்தினம்மாள் அவருடைய இடது கையைப் பிடித்தார்.

தாமோதரன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டடி அதே வேகத்தில் போனார். மூன்றாவது அடி குறுகியது. நாலாவது அடியில் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தார்.

"காலு வலிக்குதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றார் ரத்தினம்மாள். "இப்ப வலிக்கலை."

இருவரும் காருக்கு வந்துசேர வெகுநேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. மகேந்திரன் காருக்குப் பின்னால் போய் நின்று அழுதான். தொழில் புத்தி யாரை விட்டது? இருளப்பனின் கை தானாகவே கைபேசியை எடுத்துப் படம்பிடித்திருந்தது.

புதன்கிழமை காலையில் அவர் சீக்கிரமே ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டார். ராத்திரி ரத்தினம்மாள் போன் செய்திருந்தார். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னாராம். நல்ல பசியாம், ஏழு இட்லி சாப்பிட்டாராம். ஏழு என்பதை அவர் இரண்டு முறை சொன்னார்.

ஹில்டா வந்ததும் இருளப்பன் திரையைக் காட்டினார். மில் வாசலில் எடுத்த படம், அதிலும் ரத்தினம்மாளை வெட்டி நீக்கியிருந்தார். தாமோதரன் தனியாக வரும்போது இயந்திரம், 'மகேந்திரன், 58' என்றது. ரத்தினம்மாள் கையைப் பிடித்து நாலடி ஆனதும் அது மாறி, 'தாமோதரன், 97' என்றது.

ஹில்டா அதை மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கணும் மேடம்."

"கேளுங்க சார்."

"இதுல எது அவரோட நடை? முந்தினதா, பிந்தினதா?"

இருளப்பன் டீக்குத் தயாராக நாற்காலியை நகர்த்தினார். ஹில்டா எழுந்திருக்கவில்லை.

"நேத்து அந்தம்மா கேட்டாங்க, நாந்தான் அவரைப் புடிச்சு நிறுத்தி வெச்சிருந்தேனான்னு. நாம ரெண்டு பேரும் வாயைத் திறக்கலை. ராத்திரி பூரா அதுதான் மனசுல ஓடிச்சு. அந்தப் பதினேழு வீடியோவும் நம்மளை ரொம்ப அலைக்கழிச்சிடுச்சு மேடம். தப்பான டேட்டா. அழிச்சிடவா?"

ஹில்டா கோப்புப் பட்டியலைத் திறந்தார். தாமோதரன் ஒன்று, தாமோதரன் இரண்டு என்று பதினேழு வரைக்கும் வரிசையாக இருந்தன. மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். நான்கு வருடத்தில் முதல்முறையாக, டீ என்ற பேச்சே வரவில்லை.

"டேட்டால ஒரு தப்பும் இல்லை சார். பேருதான் தப்பு. நீங்க வெட்டினதைத் திரும்பச் சேர்த்துட்டு, ரெண்டு பேர் பேரையும் எழுதுங்க."